சோழர்கள் ஏன் கடாரத்தில் தங்கவில்லை?

நெகிரி செம்பிலானின் மம்பாவிலிருந்து போர்ட்டிக்சன் சாலையைப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் மலாக்கா நீரிணை வந்துவிடும். கரையோரமாகவே தெற்கே இறங்கினால் தஞ்சோங் துவான் முனை. அங்கே நீரிணை ஒடுங்குகிறது. எதிர்ப்புறம் சுமத்ராவை ஒட்டிய ரூப்பாட் தீவுக்கும் நமக்கும் இடையில் சுமார் 38 கிலோமீட்டர் கடல்தான். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வடக்கே திரும்பும் தேன்பருந்துகள் கூட்டங்கூட்டமாகக் கடலைத் தாண்டுவது இந்த இடத்தில்தான். அவை நிலத்தின் சூட்டில் எழும்பும் காற்றில் மிதந்து பறப்பவை. கடலின்மேல் அந்தக் காற்று சரியாக எழும்பாது, இறக்கையடித்தே கடக்க வேண்டும். அதனால் ஆகக் குறுகலான இடத்தைத் தேடி வருகின்றன. இந்தக் குறுகலின் மதிப்பு கப்பலோட்டிகளுக்கும் தெரியும், அரசர்களுக்கும் தெரியும்.

1606 ஆகஸ்டில் இந்த முனைக்கு எதிரே டச்சுக்காரர்களும் போர்த்துக்கீசியரும் மோதினார்கள். அதில் மூழ்கிய டச்சுக் கப்பல் 'நாசாவ்' 1993இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதிலிருந்து எடுத்த பொருள்களை லுக்குட் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அந்தப் போருக்கும் ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன்னால், 1025இல், முதலாம் ராஜேந்திர சோழனின் படை, கடாரம் எனப்பட்ட கெடா உட்பட, ஸ்ரீவிஜயப் பேரரசின் துறைமுகங்களைத் தாக்கியது.

இந்தக் கதை தெரியாத வீடு நம் தோட்டப்புறங்களில் இல்லை. "கடாரம் நம்ம ராஜா ஆண்ட ஊரு" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டே வளர்ந்தோம். வென்றது உண்மை. ஆனால் ஆண்டார்களா? கல்வெட்டையும் செப்பேட்டையும் சீனத்து அரசவைக் குறிப்புகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், வென்ற படை தங்கவில்லை, ஊர் திரும்பிவிட்டது என்றுதான் தெரிகிறது. ஏன் திரும்பியது என்ற கேள்விக்கு விடை தேடினால், அரசனின் மனத்தைவிடக் காற்றும் தூரமும்தான் அதிகம் பேசுகின்றன. இதை விளங்கிக்கொள்ள, எதிரியின் மண்ணிலேயே தங்கிவிட்ட இன்னொரு வெற்றியாளரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அது ரோமாபுரி.

ரோமும் கார்த்தேஜும்

இத்தாலியில் ரோம், இன்றைய துனிசியாவில் கார்த்தேஜ். நடுவில் சிசிலித் தீவு. இத்தாலிக்கும் சிசிலிக்கும் இடையே உள்ள மெசினா நீரிணை ஒடுங்கிய இடத்தில் சுமார் 3 கிலோமீட்டர்தான். சிசிலியிலிருந்து ஆப்பிரிக்கக் கரைக்கு 150 கிலோமீட்டர் அளவில் இருக்கும். இந்தச் சின்னத் தூரங்களுக்குள் இரண்டு வல்லரசுகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. பொ.ஆ.மு. 264இல் சிசிலியின் மெசானா நகரை முன்வைத்துத் தொடங்கிய சண்டை, மூன்று பெரும் போர்களாக 146 வரை நீண்டது.

முதல் போர் தொடங்கியபோது கடற்போரில் ரோமர்களுக்குப் பழக்கமில்லை. கரை தட்டிய ஒரு கார்த்தேஜியக் கப்பலைப் பார்த்துத் தங்கள் கப்பல்களைக் கட்டினார்கள் என்று வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதியிருக்கிறார். நூற்றுக்கணக்கானோர் துடுப்பு வலித்து ஓட்டும் நீண்ட, ஒல்லியான கப்பல்கள் அவை. உள்ளே தண்ணீரும் உணவும் அதிகம் வைக்க இடமில்லை. துடுப்பு வலிப்பவர்கள் அடிக்கடி கரையேறிச் சமைக்க வேண்டும், தூங்க வேண்டும். கரைக்குக் கரை தாவுகிற போர்முறை அது. மத்தியதரைக் கடலில் அது நடக்கும், ஏனென்றால் அடுத்த கரை எப்போதும் பக்கத்தில் இருந்தது.

அங்கும் காற்று சும்மா விடவில்லை. 255இல் சிசிலிக்கு அருகே அடித்த புயலில் 364 ரோமானியக் கப்பல்களில் 80 மட்டுமே தப்பின என்கிறார் பொலிபியஸ். கடலில் எந்த எதிரியும் ரோமுக்கு அப்படி ஓர் அடி கொடுத்ததில்லை. ஆனாலும் ரோமர்கள் மறுபடி கட்டினார்கள். மரம், ஆள், துறைமுகம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

241 மார்ச் 10ஆம் தேதி, சிசிலியின் மேற்கு முனையில் உள்ள எகாடித் தீவுகளுக்கு அருகே முதல் போரின் கடைசி மோதல். கார்த்தேஜின் கப்பல்கள் தங்கள் படைக்கு உணவு ஏற்றிக்கொண்டு மேல்காற்றில் பாய் விரித்து வந்தன. பாரத்தில் ஆழ அமிழ்ந்திருந்த அந்தக் கப்பல்களை ரோமர்கள் எதிர்காற்றையும் பொருட்படுத்தாமல் வழிமறித்தார்கள். 50 கப்பல்களை மூழ்கடித்து 70 கப்பல்களைப் பிடித்தார்கள். போரின் நடுவில் காற்றுத் திசை மாறியதால்தான் மற்றவை தப்பி ஓட முடிந்தது.

அந்த இடத்தில் சுமார் 80 மீட்டர் ஆழத்தில் இத்தாலிய, அமெரிக்க ஆய்வாளர்கள் கடந்த இருபது ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட வெண்கல முட்டுக்கொம்புகளைக் கண்டெடுத்திருக்கிறார்கள். எதிரிக் கப்பலின் விலாவில் இடித்துப் பிளப்பதற்காகக் கப்பல் மூக்கில், நீர்மட்டத்தை ஒட்டிப் பொருத்தப்பட்டவை இவை. ரோமானியக் கொம்புகள் சிலவற்றில், அவற்றைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்ட அதிகாரிகளின் பெயர்கள் வார்ப்பிலேயே இருக்கின்றன. கார்த்தேஜின் கொம்பு ஒன்றில் பாஆல் தெய்வத்தை அழைக்கும் வாசகம் இருக்கிறது. ஒருவன் கணக்கை நம்பினான், ஒருவன் கடவுளை நம்பினான் என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் கொம்புகளின் அளவு ஒன்றை உறுதியாகச் சொல்கிறது: பொலிபியஸ் வருணிக்கும் பிரமாண்டமான கப்பல்களைவிட உண்மைக் கப்பல்கள் பல சிறியவை. ஏட்டில் இருப்பதைக் கடலடியில் கிடைப்பது திருத்துகிறது.

தோற்ற கார்த்தேஜ் 10 ஆண்டுகளில் 3,200 தாலந்து வெள்ளி கட்ட ஒப்புக்கொண்டது. சிசிலி ரோமின் முதல் மாகாணம் ஆனது. ஆளுநர் வந்தார், வரி வந்தது, தானியம் கப்பலேறியது. 146இல் கார்த்தேஜ் நகரமே எரிக்கப்பட்டது. அதன் நிலமும் ரோமானிய மாகாணமாயிற்று.

நம் கடல் வேறு

இப்போது வங்காள விரிகுடாவுக்கு வருவோம். நாகப்பட்டினத்திலிருந்து கெடா 2,000 கிலோமீட்டருக்கும் மேல். நடுவில் அந்தமான், நிக்கோபார் தீவுகள்தான். துடுப்பை நம்பி இந்தக் கடலைத் தாண்ட முடியாது. பாய்தான் வேண்டும், பாய்க்குக் காற்று வேண்டும்.

அந்தக் காற்று வருஷத்துக்கு இரண்டு முறை திசை மாறுகிறது. கோடையில் ஆசியப் பெருநிலம் கடலைவிட வேகமாகச் சூடேறும். சூடான காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று பாயும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று இதுதான். குளிர்காலத்தில் நிலம் ஆறிவிடும், கடல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து வீசும். கிளந்தானும் திரங்கானுவும் வருஷக் கடைசியில் வெள்ளத்தில் மிதப்பது இந்த வடகிழக்குக் காற்றால்தான்.

தென்மேற்குக் காற்றை நாமும் நன்றாக அறிவோம். ஆகஸ்டு, செப்டம்பரில் சுமத்ராவில் காடு எரிந்தால் அந்தப் புகைமூட்டத்தை நீரிணை தாண்டி நம் வாசலுக்குக் கொண்டுவருவது அதுதான். விடியற்காலையில் இடிமழையோடு வந்து கூரைத் தகரத்தை ஆட்டிவிட்டுப் போகும் 'சுமத்ரா' சூறையும் இந்தப் பருவத்துப் பிள்ளைதான்.

பாய்மரக் காலத்தில், ஒரு காற்றில் கிழக்கே வந்த கப்பல் அடுத்த காற்று திரும்பும் வரை இங்கேயே காத்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் துறைமுகத்தில் கிடக்கும். சீனாவிலிருந்து வடகிழக்குக் காற்றில் இறங்கிய கப்பலுக்கும் இதே கதி. இரண்டு காற்றுகளும் சந்திக்கிற இடம் மலாக்கா நீரிணை. ஒரு பக்கம் சுமத்ராவின் பாரிசான் மலைத்தொடர், மறுபக்கம் நம் தித்திவங்சா மலைத்தொடர். இரண்டும் மதில்போல் நின்று நீரிணையைப் பெருங்காற்றிலிருந்து காக்கின்றன. தங்க இடம், குடிக்கத் தண்ணீர், சரக்கு மாற்றிக்கொள்ளச் சந்தை எல்லாம் இங்கே அமைந்தன.

பலெம்பாங்கைத் தலைநகராகக் கொண்ட ஸ்ரீவிஜயம் இந்த இடத்தைத்தான் பிடித்து வைத்திருந்தது. அது பெரிய வயல்வெளி அரசு இல்லை. நெடுஞ்சாலையில் டோல் சாவடி வைத்திருப்பவனைப்போல், போகிற வருகிற கப்பலிடம் வாங்கியதே அதன் செல்வம்.

நட்பு முறிந்த விதம்

ரோமும் கார்த்தேஜும்போல் சோழர்களும் ஸ்ரீவிஜயத்தாரும் பரம்பரை எதிரிகள் அல்லர். சண்டைக்கு 20 ஆண்டுகளுக்கு முன்னால் நெருங்கிய நண்பர்களாக இருந்தார்கள். சாட்சி, ஆனைமங்கலச் செப்பேடுகள். நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றவை. மொத்தம் 21 ஏடுகள்: 5 வடமொழியில், 16 தமிழில். எல்லாவற்றையும் கோத்த கனத்த செப்பு வளையத்தில் ராஜேந்திரனின் முத்திரை. உட்கார்ந்திருக்கும் புலி, பக்கத்தில் இரட்டை மீன், வில்.

செய்தி இதுதான். ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் ஆண்ட அரசன் சூளாமணிவர்மன் தன் பெயரில் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் கட்டத் தொடங்கினான், மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் அதை முடித்தான். சிவபக்தனான ராஜராஜ சோழன், தன் 21ஆம் ஆட்சியாண்டில் அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். நிலம் 97 வேலிக்கு மேல். ஆண்டுக்கு 8,900 கலத்துக்கும் மேற்பட்ட நெல் வருமானம். ஊரின் எல்லையைப் பெண் யானையை நடக்கவிட்டு வரையறுத்தார்கள். யார் யார் உடனிருந்தார்கள், எந்த வாய்க்கால், எந்த மேடு எல்லை என்று ஒவ்வொன்றையும் ஏடு பதிந்து வைத்திருக்கிறது. தந்தை வாய்மொழியாகக் கொடுத்ததைச் செம்பில் வெட்டி நிலைப்படுத்தியவன் மகன் ராஜேந்திரன். அதே ராஜேந்திரன்தான் பின்னால் கடாரத்தின்மேல் படை அனுப்பினான்.

என்ன நடந்தது இடையில்? சீனச் சந்தைதான் காரணம் என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சோங் பேரரசு கடல் வணிகத்தை ஊக்குவித்த காலம் அது. 1015இல் சோழர் தூதுக்குழு சீன அரசவையை அடைந்தது. ஸ்ரீவிஜயம் இடைத்தரகு நிலையை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. தமிழ் வணிகக் குழுக்களுக்கு அது தடையாகியிருக்க வேண்டும். வேறு சில ஆய்வாளர்கள், படையை நடத்தக் கொள்ளைப்பொருள் தேவைப்பட்டதே முதன்மைக் காரணம் என்கிறார்கள்.

வெற்றிக்குச் சான்று தஞ்சைப் பெரிய கோயிலில் 1030ஐ ஒட்டி வெட்டிய கல்வெட்டு. ஸ்ரீவிஜய அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடித்ததையும், யானைகளையும் செல்வத்தையும் வித்தியாதரத் தோரணம் என்ற வாயிலையும் கைப்பற்றியதையும் சொல்லி, 13 இடங்களைப் பட்டியலிடுகிறது. அறிஞர்கள் அடையாளம் கண்ட இடங்களை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். மாநக்கவாரம் என்பது நிக்கோபார், கடல் நடுவே தண்ணீர் கிடைக்கும் இடம். இலாமுரிதேசம் ஆச்சே முனை, நீரிணையின் வடக்கு வாசல். கடாரம் கெடா, கிழக்கே வரும் கப்பலுக்குத் தூரத்திலிருந்தே 1,200 மீட்டர் உயர கூனோங் ஜெராய் மலை கண்ணில் படும் துறைமுகம். தலைத்தக்கோலம், இலங்காசோகம், மாதமாலிங்கம் மூன்றும் இன்றைய தென் தாய்லாந்தில், ஒரு கடலிலிருந்து மறு கடலுக்குத் தரைவழியாகச் சரக்கைக் கடத்தும் பாதைகளை ஒட்டியவை. மலையூர் ஜாம்பி, ஸ்ரீவிஜயம் பலெம்பாங், இரண்டும் சுமத்ராவின் ஆற்றுத் துறைமுகங்கள். நாட்டைப் பிடிக்கப் போகிறவனின் பட்டியல் இல்லை இது. கப்பல் போகும் வழியில் எங்கெங்கே பூட்டு போட்டிருக்கிறார்களோ, அங்கங்கே உடைக்கப் போனவனின் பட்டியல்.

ஒரே அரசன், இரண்டு கடல்கள்

உடைத்த பிறகு தங்கியிருக்கலாமே? இதற்கு ஈழத்தைப் பார்த்தால் போதும். 1017இல் ராஜேந்திரனின் படை ஈழத்து அரசன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்தது. அங்கே சோழர்கள் தங்கினார்கள். பொலன்னறுவையை ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டு ஆண்டார்கள். வானவன்மாதேவி ஈஸ்வரம் என்ற கோயிலைச் சோழ நாட்டுப் பாணியில் கல்லால் எழுப்பினார்கள், அது இன்றும் நிற்கிறது. தானத்தையும் விளக்கெரிக்கும் ஏற்பாட்டையும் குறிக்கும் தமிழ்க் கல்வெட்டுகள் கிடைக்கின்றன. 1070இல் சிங்கள அரசன் விஜயபாகு மீட்கும் வரை அந்த ஆட்சி நீடித்தது.

அதே அரசன், அதே படை, அதே காலம். கெடாவில் அப்படி ஒரு சோழர் கோயில் இல்லை, வரி வாங்கிய அதிகாரியின் பெயர் சொல்லும் கல்வெட்டு இல்லை. வேறுபாடு கடலில் இருக்கிறது. பாக் நீரிணையை நல்ல காற்றில் ஒரே நாளில் தாண்டலாம். கலகம் வந்தால் உடனே ஆள் அனுப்பலாம், அரிசி அனுப்பலாம். கெடாவில் கலகம் வந்தால் செய்தி நாகப்பட்டினம் போக ஒரு பருவக்காற்று வேண்டும், படை வந்துசேர இன்னொரு பருவக்காற்று வேண்டும். கிட்டத்தட்ட ஓராண்டு ஆகிவிடும். ஓராண்டு தனித்து நிற்க வேண்டிய காவற்படையை எந்த அரசன் நம்பி விட்டுவைப்பான்?

சிசிலியில் ரோமுக்கு இருந்த வசதி ஈழத்தில் சோழனுக்கு இருந்தது, கடாரத்தில் இல்லை. தூரமும் காற்றும் சேர்ந்துதான் ஒரு வெற்றியை மாகாணமாக்குகின்றன, இன்னொரு வெற்றியைக் கல்வெட்டோடு நிறுத்துகின்றன. இந்தப் பிடி நீராவி வந்த பிறகுதான் தளர்ந்தது. 1926இல் ஓடத் தொடங்கிய ராஜூலா கப்பல், எந்தக் காற்றானாலும் நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிப் பினாங்கில் இறக்கியது. நம் பாட்டன் பாட்டிகள் பலர் வந்தது அப்படித்தான், ராஜேந்திரன் கப்பல் போன அதே கடலில்.

போருக்குப் பின்

கார்த்தேஜ் அழிந்தது. ஸ்ரீவிஜயம் அழியவில்லை. போர் நடந்து மூன்றே ஆண்டுகளில், 1028இல், அதன் தூதுக்குழு சீன அரசவையில் நின்றது. 1060களின் இறுதியில் சோழ மன்னன் வீரராஜேந்திரன் மறுபடியும் கடாரத்துக்குப் படை அனுப்பியதாகக் கல்வெட்டு சொல்கிறது. ஒரு முறை வென்று ஆண்டிருந்தால் மறுமுறை வெல்ல வேண்டிய தேவையே இல்லை.

படை திரும்பிய இடத்தில் வணிகர்கள் தங்கினார்கள். சுமத்ராவின் மேற்குக் கரையில், கற்பூரத்துக்குப் பெயர்போன பாருஸில், திசையாயிரத்து ஐநூற்றுவர் என்ற வணிகக் குழு 1088இல் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. 1090இல் சோழ மன்னன் முதலாம் குலோத்துங்கன், கடாரத்து அரசன் தூதர்கள் கேட்டுக்கொண்டபடி, நாகை விகாரத்தின் ஊர்களுக்கு வரிச்சலுகையை உறுதிப்படுத்தினான். அது மூன்று ஏடுகள் கொண்ட சிறிய லெய்டன் செப்பேடு. போர் நட்பைக் கிழித்தது, தேவை திரும்பத் தைத்துவிட்டது.

அந்தத் தேவையில் ஒன்று வெள்ளீயம். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளின் கலவையில் செம்போடு வெள்ளீயமும் காரீயமும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் வெள்ளீயம் வெட்டியெடுக்கும் வளம் இல்லை. மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையிலோ கருங்கல் மலைகளை ஒட்டிய ஆற்றுப் படுகைகளில் அது குவிந்து கிடந்தது. 19ஆம் நூற்றாண்டில் லுக்குட்டிலும் சுங்கை ஊஜோங்கிலும் ஈய லம்பம் தோண்டியது அந்த வளத்தைத்தான். இந்தக் கரையின் உலோகம் தமிழ்நாட்டுக்கு வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுத் துணி இந்தக் கரைக்கு வேண்டியிருந்தது.

இனி நம் பங்கு

கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் 1930களில் ஆய்வாளர் குவாரிச் வேல்ஸ் அகழ்ந்ததிலிருந்து இன்றுவரை கோயில் அடித்தளங்கள், சீனப் பீங்கான், மத்திய கிழக்குக் கண்ணாடி, சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகள், ஊதுகுழல்கள் என்று கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. 2023இல் புக்கிட் சோராஸில் ஆளுயரப் புத்தர் சிலைகள் வெளிவந்தன. ஆனால் 2013இல் சுங்கை பத்துத் தோட்ட நிலத்தில் இருந்த 11ஆம் எண் சண்டி (பழங்கோயில்) வீட்டுமனைக்காக இடிக்கப்பட்டதும் உண்மை. எகாடிக் கடலடியில் வெண்கலக் கொம்பு கிடைத்ததால் ரோமின் வரலாறு திருந்தியது. சோழர் போர்க்கப்பல் ஒன்றுகூட இன்னும் கிடைக்கவில்லை. நீரிணையின் அடியில், கெடாவின் ஆற்றுச் சேற்றில், செம்பனைத் தோட்டத்து மண்ணில் என்ன புதைந்திருக்கிறது என்பதைத் தேடினால்தான் கதை முழுமையாகும்.

ஆகவே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை மெர்போக்கில் உள்ள லெம்பா பூஜாங் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். அவ்வளவு தூரம் முடியாவிட்டால் லுக்குட்டுக்காவது கூட்டிப்போய் நாசாவ் கப்பலின் பொருள்களைக் காட்டுங்கள். தோட்டத்தில் மறுநடவுக்கு மண்ணைப் புரட்டும்போது பழைய செங்கல்லோ பானை ஓடோ தட்டுப்பட்டால் தூக்கி எறியாமல், கிடைத்த இடத்திலேயே விட்டு, அருங்காட்சியகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் "நம்ம ராஜா ஆண்ட ஊரு" என்று சொல்வதை விட்டு, "நம்மவர்கள் காற்றைக் கற்று வந்து போன கடல் இது" என்று சொல்லுங்கள். அதில் பெருமை குறையாது. சான்றும் அதற்குத்தான் இருக்கிறது.